விஷக் கூடாரத்துக்குள் ஒரு சிரிப்பு

அன்று மதியம் எங்கள் மர டிப்போவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள்.

நான் இருந்தேன். இந்தக் குடும்பத்தில் மூத்தவன். என் தம்பி இருந்தான். டிப்போவை நடத்துகிறவன் அவன். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் நான்காக மடித்த கைக்குட்டை, முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. தம்பி மகள் இருந்தாள். முதல் நாள் மாலையிலிருந்து காணாமல் போயிருந்த மாப்பிள்ளையின் மனைவி. மரத்துக்கு மருந்துப் புகை போடுகிறவர் இருந்தார்; அவரை எல்லோரும் புகைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். நான் வரவழைத்த துப்பறியும் அம்மாள் இருந்தார்; சர்வேயரம்மா என்பார்கள். அவருடைய உதவியாள் இருந்தான். அவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் மூடாததால் வந்த பெயர்.

இந்த ஆறு பேர் கயிற்றுக்கு வெளியே. ஏழாவது ஆள் தார்ப்பாய்க்கு உள்ளே. அவருக்கு உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைத் திறந்து பார்க்க முடியாது என்பதுதான் பயம்.

*

எங்கள் நாட்டில் மரம் வெட்ட அனுமதி இல்லை. வெட்டுவதற்கு மரமும் இல்லை. கதவு, கட்டில், பள்ளிக்கூட பெஞ்சு, சவப்பெட்டி, பழம் அடுக்கும் பெட்டி எல்லாமே கப்பலில் வரும் பலகையில்தான் ஆகிறது. இது ஒரு பெரிய விஷயம் என்று யாரும் நினைத்ததில்லை, கப்பல் நிற்கும்வரை. மரம் அனுப்பிக்கொண்டிருந்த நாடு ஒரு நாள் காலையில் இனி அனுப்பப் போவதில்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பே கிளம்பிவிட்ட கடைசிக் கப்பலில் வந்த பலகை முழுவதும் எங்கள் டிப்போவில் இறங்கியது. ஊரில் வேறு யாரிடமும் ஒரு பலகைகூடக் கிடையாது.

தச்சர்கள் கூடிப் பேச என்னை அழைத்தார்கள். போனேன். எல்லோருக்கும் சமமாகப் பங்கு, பழைய விலை என்று சொல்லிவிட்டு வந்தேன். கையெழுத்து ஒன்றும் போடவில்லை. எங்கள் குடும்பத்தில் வாயால் சொன்னால் போதும் என்பது ஊருக்கே தெரியும்.

ஆனால் வெளிநாட்டுப் பலகையை இறக்கியதும் விற்க முடியாது. அதற்குள் துளைக்கும் வண்டு இருக்கும். பலகைகளை அட்டியாக, அதாவது வீடு போல உயரமாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தி, விளிம்பைச் சுற்றிலும் மணல் மூட்டை வைத்து, உள்ளே சிலிண்டரிலிருந்து விஷப்புகையைத் திறந்துவிட வேண்டும். சில நாள் அப்படியே இருக்கும். சுற்றிலும் கயிறு கட்டி மண்டை ஓடு போட்ட பலகை தொங்கும். அந்த நாட்களில் டிப்போவுக்கு விடுமுறை. இப்படித்தான் காலம் காலமாக நடக்கிறது. இந்த முறையும் அப்படித்தான் போர்த்தினார்கள்.

அதற்கு மறுநாள் மாலை டிப்போ வரை போய் வருகிறேன் என்று கிளம்பிய மாப்பிள்ளை வீடு திரும்பவில்லை. போன் அடித்தால் மணி போனது, எடுப்பார் இல்லை. பொழுது விடியும் நேரத்தில் வாட்ச்மேன் எங்கள் வாசலில் வந்து விழுந்தான். விஷக் கூடாரத்துக்குள் ஒரு குழந்தை சிரிக்கிறது என்றான். சிரித்து முடித்ததும் உள்ளேயிருந்து யாரோ மரத்தைத் தட்டுகிறார்களாம். சொல்லிவிட்டு, சம்பளம்கூட வேண்டாம் என்று பஸ் ஏறிப் போய்விட்டான். காலையில் பழைய கூலி பாக்கி வாங்க வந்த சுமை ஆட்களும் அதைக் கேட்டுவிட்டுத் தெருமுனையோடு திரும்பிவிட்டார்கள்.

போலீசுக்குப் போகலாம் என்றாள் தம்பி மகள். வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை ஓடிப்போனார் என்று ஒரு சொல் வெளியே வந்தால் பிறகு அதை அள்ள முடியாது. அதனால் சர்வேயரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

*

கப்பல் சரக்கு சேதமானால் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் போய்ப் பார்த்து, இது நிஜச் சேதமா, செய்த சேதமா என்று சொல்வதுதான் அந்த அம்மாள் முன்பு பார்த்த வேலை. இப்போது மனிதர்களைப் பற்றி அதையே சொல்கிறார். உயரம் குறைவு. கூந்தலை இறுக்கி முடிந்திருப்பார். எதையும் தொடமாட்டார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, ஊர்ல உங்களைத் தவிர யார்கிட்டயும் மரம் இல்லேன்னு சொன்னீங்க. அப்ப வர்ற வழியில ரெண்டு தச்சுப் பட்டறையில ரம்பம் ஓடுதே. எதை அறுக்கிறாங்க?"

"காத்தை அறுத்துப் பழகுறாங்களோ என்னமோ" என்றான் ரேடியோ. "ஆனா காத்துல இருந்து பச்சை மரத்தூள் வாசனை வராதே மேடம்."

பழைய கதவை அறுத்திருப்பார்கள் என்றான் தம்பி. பழைய மரத்துக்குப் பிசின் வாசனை கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெளியாட்கள் முன் தம்பியை மறுத்துப் பேசுவது எங்கள் வழக்கம் இல்லை.

வாட்ச்மேன் சொன்னதை அப்படியே சொல்லும்படி கேட்டார் சர்வேயரம்மா. சொன்னேன். பேயைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை எப்படிச் சிரித்தது, விட்டு விட்டா, ஒரே மூச்சிலா என்று கேட்டார். விட்டு விட்டு, கொஞ்ச நேரம் சிரித்து, சட்டென்று நின்று, மறுபடி முதலிலிருந்து அதே மாதிரி சிரித்ததாக வாட்ச்மேன் சொன்னான் என்றேன்.

தம்பி மகள் எழுந்து நின்றாள்.

"பெரியப்பா, அது எங்க பாப்பா. அவர் போன்ல மணிக்குப் பதிலா பாப்பா சிரிப்பைத்தான் வச்சிருக்கார்."

டிப்போவுக்குப் போக வேண்டாம், அங்கே விஷம் இருக்கிறது, நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்று தம்பி சொல்ல ஆரம்பித்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

*

ஆள் இல்லாத டிப்போவை நான் அதற்கு முன் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எடை மேடை காலியாக இருந்தது. அறுவை மெஷினின் பெல்ட் ஆடாமல் தொங்கியது. நடுவில் நீலத் தார்ப்பாய் போர்த்திய அட்டி, வெயிலில். காற்று அடித்தால் தார்ப்பாய் உப்பும். காற்று நின்றால் உள்ளே அமுங்கும். பெரிய மிருகம் ஒன்று படுத்து மூச்சு விடுவதுபோல் இருந்தது. இத்தனை வருடத்தில் அதைப் பார்த்து எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

புகைக்காரர் கயிற்றுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தார். கயிற்றைத் தாண்டினால் ஒரு மூச்சு போதும், ஆள் காலி, அப்புறம் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது என்றார். அவர் குரலும் நடுங்கியது. அதைக் கேட்ட பிறகு எங்கள் பயம் இரண்டு மடங்கானது.

"போன் பண்ணும்மா" என்றார் சர்வேயரம்மா.

தம்பி மகள் அழுத்தினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்தத் தார்ப்பாய்க்குள், தரைக்குப் பக்கத்தில் எங்கேயோ, எங்கள் வீட்டுக் குழந்தை சிரித்தது. தினமும் என் மடியில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு. கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. பிறகு எத்தனை தடவை அழுத்தியும் மணி போகவில்லை. உள்ளே போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

தம்பி மகள் கயிற்றுக்கு அடியில் குனிந்தாள். தம்பி பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். விடுங்கப்பா, விடுங்கப்பா என்று அவள் இழுத்த இழுப்பில் வளையல் உடைந்து அவன் கையைக் கீறியது. அவன் விடவில்லை. உள்ளே போய் நேற்று ராத்திரியே எல்லாம் முடிந்திருக்கும், இப்போது திறந்தால் இன்னும் நாலு பேர் போவார்கள் என்று புகைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

நான் பயந்தவன் இல்லை. துறைமுகத்தில் கிரேன் அறுந்து மரம் விழுந்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் ஒரு மூச்சில் ஆளைக் கொல்லும் விஷத்துக்குள்ளிருந்து ஒரு கை தட்டுகிறது என்றால் அந்தக் கை யாருடையது என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

"வெயில்ல பலகை விரியும்" என்றார் புகைக்காரர். "அந்தச் சத்தம்தான். எல்லா லோடுலயும் வரும்."

"எல்லாப் பலகையும் மூணு மூணாவா விரியும்?" என்றான் ரேடியோ. அவன் உதடு வெளுத்திருந்தது. "நல்லா கணக்குப் படிச்ச மரமா இருக்கும் போல."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. பயந்தால் அவனுக்கு இன்னும் அதிகமாகப் பேச்சு வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

*

சர்வேயரம்மா கூடாரத்தைப் பார்க்கவில்லை. கயிறு கட்டிய கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டை ஓட்டுப் பலகை தொங்கிய அதே கம்பத்தில், உட்புறமாக, தார்ப்பாயின் நிழல் விழுந்த பக்கம் ஒரு சாப்பாட்டுத் தூக்கு மாட்டியிருந்தது.

"இது யாரோடது?"

தன்னுடையதுதான் என்றார் புகைக்காரர்.

"சாப்பிட்டாச்சா?"

இல்லை, இனிமேல்தான் என்றார்.

ரேடியோ மூடியின் மேல் குனிந்து மோந்து பார்த்தான். "சோறு ஊசிப்போகலை மேடம். எனக்கு இதே மாதிரி தைரியமான ஒரு சமையல்காரி வேணும். விஷத்துக்குப் பக்கத்துல தொங்கினாலும் கெடாத குழம்பு."

"பேசாம கீழ பாரு" என்றார் அவர்.

நாங்கள் எல்லோரும் கீழே பார்த்தோம். தூக்கின் அடியிலிருந்து கம்பம் வழியாக ஒரு எறும்பு வரிசை இறங்கியது. மண்ணில் ஓடி, மணல் மூட்டைகளின் இடுக்கில் நுழைந்து, தார்ப்பாய்க்கு உள்ளே போனது. உள்ளேயிருந்து இன்னொரு வரிசை வெளியே வந்துகொண்டிருந்தது. உயிரோடு. சுறுசுறுப்பாக. அதுவரை நாங்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தி அந்தக் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பயந்தவன் காலடியைப் பார்ப்பதில்லை.

"மரத்துக்குள்ள குடைஞ்சு உட்கார்ந்திருக்கிற வண்டைக் கொல்லுற விஷம்" என்று மெதுவாகச் சொன்னார் சர்வேயரம்மா. "மண்ணுல நடக்கிற எறும்பை விட்டுவச்சிருக்கு."

ஓரத்தில் கொஞ்சம் காற்று புகும், எறும்பு ஓரமாகத்தான் போகும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் புகைக்காரர். சொல்லும்போதே அவர் கண் தம்பியைத் தேடியது. தம்பி தன் மகளின் கையை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சர்வேயரம்மா என்னைத் தனியாக இரண்டடி தள்ளி அழைத்துப் போனார்.

"ஐயா, எனக்கு முக்கால்வாசி தெரியுது. உள்ள விஷம் இல்லை. ஆனா கால்வாசி தப்பா இருந்தா உள்ள போற ஆள் திரும்ப மாட்டார். எறும்பை நம்பி நான் ரேடியோவை அனுப்ப முடியாது. நானே போறேன். ஈரத்துணி வேணும். இடுப்புல கயிறு கட்டணும். விழுந்தா இழுத்துடுங்க."

பெண்ணை அனுப்பிவிட்டு நான் வெளியே நிற்பதா. அது எங்கள் வீட்டில் நடக்காது. உள்ளே இருப்பது எங்கள் வீட்டு மாப்பிள்ளை; போவதென்றால் நான்தான் போவேன் என்று மேல்துண்டை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்தேன். துண்டு இரண்டு முறை தொட்டிக்குள் விழுந்தது. ரேடியோ லாரிக் கயிறு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். முடிச்சை இரண்டு முறை அவிழ்த்து மறுபடி போட்டான்.

அப்போது தட்டும் சத்தம் வந்தது. டொக். டொக். மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

தார்ப்பாய் ஒரு முறை உப்பி அமுங்கியது. மூன்றாவது வரவே இல்லை.

தம்பி மகள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் அவள் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. என் தம்பி கயிற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவன் பிறவியிலேயே பயந்தவன். வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொள்வான். அறுவை மெஷின் பக்கம் கைக்குட்டை இல்லாமல் போகமாட்டான். புகை போட்ட நாட்களில் டிப்போ இருக்கிற தெருவுக்கே வராமல் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பான். அந்தத் தம்பி வெறும் மூக்கோடு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மணல் மூட்டைகளைக் காலால் எத்தித் தள்ளி, தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தான். அவன் சட்டைப்பையில் கைக்குட்டை மடித்தது மடித்தபடி இருந்தது.

சர்வேயரம்மா என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

"இப்ப போகலாம்" என்றார். "எல்லாரும் வாங்க."

"மேடம், விஷம்" என்றான் ரேடியோ.

"இருந்தா அவர் மூக்கைப் பொத்தியிருப்பார்."

*

தார்ப்பாயை இழுத்துப் போட்டதும் உள்ளே பார்த்தேன். வெளியே தெரிந்த நான்கு பக்கமும் ஒற்றைப் பலகை கனத்தில் சுவர்போல் அடுக்கியிருந்தது. நடுவே ஒன்றும் இல்லை. வீடு போல உயர்ந்து நின்ற அட்டி உண்மையிலேயே காலி வீடாக இருந்தது. கடைசிக் கப்பலின் மரம் பெரும்பகுதி அங்கே இல்லை. அது எங்கே போனது என்பதை அந்த இரண்டு பட்டறைகளின் ரம்பச் சத்தம் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

பின்பக்கச் சுவர் சரிந்து கிடந்தது. அதற்கு அடியில் மாப்பிள்ளை. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் பலகைக்குள். போன் எட்டாத தூரத்தில். கையில் ஒரு கட்டைத் துண்டு; அதைப் பிடித்தபடியே மயங்கியிருந்தார். பக்கத்தில் பிரித்த பிஸ்கட் பாக்கெட், அதைச் சுற்றிலும் எறும்பு. உள்ளே போன வரிசை அங்கேதான் போயிருந்தது.

நானும் ரேடியோவும் தம்பியும் சேர்ந்து பலகைகளைத் தூக்கினோம். தம்பி மகள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் நனைத்து வைத்திருந்த துண்டை அவர் வாயில் பிழிந்தாள். கண்ணைத் திறந்தார். மரத்தூள் தொண்டையை அடைத்துக் குரல் கம்மியிருந்தது; அதனால்தான் கத்தாமல் தட்டியிருக்கிறார். ஆனாலும் முதலில் பேசியது மனைவியிடம் இல்லை, என்னிடம்.

"பெரியப்பா. சிலிண்டர் கனமா இருந்துச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. சர்வேயரம்மாவுக்குப் புரிந்தது. புகையைத் திறந்துவிட்ட பிறகு சிலிண்டர் காலியாக இருக்க வேண்டும். முதல் நாள் மாலை டிப்போவுக்கு வந்த மாப்பிள்ளை, வழியில் நின்ற சிலிண்டரை ஓரமாக உருட்டப் போயிருக்கிறார். அது நிறைந்த கனம் கனத்திருக்கிறது. அப்படியானால் உள்ளே விஷமே விடவில்லை. எதற்காக விடவில்லை என்று பார்க்கத் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே நுழைந்திருக்கிறார். ஆதாரம் இல்லாமல் நின்ற பலகைச் சுவர் அவர் தோள் பட்டதும் மேலே விழுந்திருக்கிறது.

கேட்டுக்கு வெளியே புகைக்காரர் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் வந்தது. உதைத்தார், உதைத்தார், வண்டி கிளம்பவில்லை.

"புகைக்காரண்ணே" என்று ரேடியோ இங்கிருந்தே கூப்பிட்டான். "சாவி என்கிட்ட இருக்கு. தூக்கை மோந்து பார்க்கும்போது பக்கத்துல மாட்டியிருந்துச்சு. சாப்பிட்டுட்டுப் பொறுமையா வாங்க, போலீஸ் வர நேரம் ஆகும்."

புகைக்காரர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

*

மீதியைத் தம்பியே சொன்னான். யாரும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் போன பிறகு எடை மேடையில் உட்கார்ந்து, கீறிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கப்பல் நின்ற அன்றே விலை ஏறிவிட்டது. என் வாக்குப்படி பழைய விலைக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. என்னிடம் சொல்லவும் துணிவில்லை. நடுவில் இருந்த மரத்தை இரவோடு இரவாக வெளியேற்றிவிட்டு, வெளிச்சுவரை மட்டும் நிற்கவைத்துப் போர்த்தச் சொல்லியிருக்கிறான். விஷம் என்று எழுதிவிட்டால் பூட்டே தேவையில்லை. ஊரே கிட்ட வராது. சில நாள் கழித்து வண்டு சாகவில்லை, மரம் முழுக்கக் கெட்டுவிட்டது, எரிக்கச் சொல்லிவிட்டார்கள் என்று வெளிச்சுவரைக் கொளுத்திவிடுவதாக ஏற்பாடு. சாம்பலை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று புகைக்காரர் யோசனை சொன்னாராம்.

"மாப்பிள்ளை உள்ள இருக்கார்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

கைக்குட்டையை எடுத்துக் கீறலில் சுற்றினான்.

"வீட்டுல. பாப்பா சிரிப்புன்னு அவ சொன்னப்ப."

"அப்புறமும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னே."

"பயமா இருந்துச்சு அண்ணே."

"எதுக்கு? விஷத்துக்கா?"

"உனக்கு."

நானும் அவன் பக்கத்தில் எடை மேடையில் உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது சர்வேயரம்மாவிடம் ஒன்று கேட்டேன். தம்பி ஓடாமல் இருந்திருந்தால் நிஜமாகவே உள்ளே போயிருப்பீர்களா என்று.

"போயிருப்பேன். பயந்துக்கிட்டேதான் போயிருப்பேன். நீங்களும் அப்படித்தான் கிளம்பினீங்க, துண்டு ரெண்டு தடவை தண்ணியில விழுந்துச்சே. உங்க தம்பி ஓடினப்ப அந்தப் பயம் இல்லை. அதைத்தான் பார்த்தேன்."

"எனக்கு மட்டும் பயமே இல்லை" என்றான் ரேடியோ. "கயிறு கட்டும்போது என் கை ஏன் அப்படி ஆடிச்சுன்னு கேட்காதீங்க. காத்து."

போலீசுக்கு நானே போன் செய்தேன். வந்தவர்களிடம் தம்பி பெயரை நானே சொன்னேன். மிச்சம் இருந்த நான்கு சுவர்ப் பலகையையும் முறைப்படி புகை போட்டு, தச்சர்களுக்குச் சமமாக, பழைய விலைக்குக் கொடுத்துவிட்டேன். ஆளுக்கு ஒரு கதவுக்குக்கூடப் போதவில்லை. யாரும் குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளை ஒரு கால் கட்டோடு வீட்டில் இருக்கிறார். குழந்தை அந்தக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து சிரிக்கிறது. போனில் இப்போது வெறும் மணிதான்.

போலீஸ் கொண்டுபோன தம்பி இன்னும் வீடு வரவில்லை. ஆனால் மரத்தை விற்ற கதை தெரிந்தும் ஊரில் அவனைப் பற்றி நல்ல பேச்சாகவே இருக்கிறது. மருமகனுக்காக விஷப்புகைக்குள் உயிரைத் துச்சமாக நினைத்துப் பாய்ந்தான், அப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்கிறார்கள். என்னிடமே வந்து சொல்லிக் கண் கலங்குகிறார்கள். அப்படியே இருக்கட்டும், குடும்பத்துக்குப் பெருமைதானே என்று உறவுக்காரர்கள் சிலர் என் காதில் ஓதுகிறார்கள்.

அது பொய். என் தம்பி விஷத்துக்குள் பாயவில்லை. உள்ளே விஷம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.